இறுக்கமும் இளக்கமும்: இறைப்பு இயந்திரத்தின் உயிர் எங்கே இருக்கிறது?

2010ஆம் ஆண்டு நாம் ஊர் திரும்பியபோது எமது இறைப்பு இயந்திரம் கிணற்றடிப் பற்றைக்குள் கிடந்தது. போகும்போது தூக்கிச் செல்ல முடியாமல் விட்டுப் போனது அது. எண்ணெய்த் தாங்கி துருவேறி இருந்தது. ஆனால் எஞ்சினும் பம்பும் உடையாமல் இருந்தன. கழுவினோம், ஒயில் மாற்றினோம், பம்புப் பக்கத்துப் பெயரிங் இறுகிப் போயிருந்ததால் அதைத் தட்டிக் கழற்றிப் புதியது போட்டோம். இயந்திரம் ஓடியது. கடன் வாங்கி வெங்காயம் நட்டோம்.

இருபது நாளில் பெயரிங் கத்தத் தொடங்கியது. இன்னொன்று வாங்கிப் போட்டோம். அது இரண்டு கிழமை கூட நிற்கவில்லை. மூன்றாவது ஐந்து நாளில் போனது. கடைக்காரர் போலிப் பொருள் தந்துவிட்டார் என்று அவரோடு வாய்த்தர்க்கப்பட்டோம். அதற்குள் நான்கு பாத்தி வாடிவிட்டது. கடைசியில் லேத் வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் தண்டைக் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் அளந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "பெயரிங்கிலை பிழையில்லைத் தம்பி. அது குந்தியிருக்கிற இடத்திலைதான் பிழை."

அந்தப் பிழையின் அளவு ஒரு மில்லிமீற்றரின் நூறில் சில பங்கு மட்டுமே. கண்ணுக்குத் தெரியாத அந்த இளக்கம் மூன்று பெயரிங்கையும் நான்கு பாத்தியையும் எம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது. அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். உங்களில் பலரும் பழைய இயந்திரத்தைத் திருத்தியோ, இன்னொருவர் பாவித்ததை வாங்கியோ தொழிலைத் தொடங்கியிருப்பீர்கள். ஓர் இயந்திரப் பாகம் எப்படி வார்க்கப்படுகிறது, எப்படிக் கடையப்படுகிறது, இன்னொரு பாகத்தோடு எப்படிப் பொருந்துகிறது என்பதை அறிந்தால் பட்டறையில் என்ன கேட்க வேண்டும், எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது என்பது விளங்கும்.

வார்ப்பு உருவத்தைத் தருகிறது

பம்பைக் கழற்றிப் பாருங்கள். வெளியே நத்தை ஓடு போல வளைந்த கூடு. உள்ளே நீரைச் சுழற்றி எறியும் இம்பெலர். இம்பெலரைத் தாங்கும் தண்டு. பட்டறையில் இதைச் சாப்ற் என்பார்கள். தண்டைத் தாங்கும் பெயரிங். நீர் பெயரிங் பக்கம் வராமல் தடுக்கும் சீல். இவற்றில் கூடு பெரும்பாலும் வார்ப்பிரும்பு. பாரம் குறைந்த சிறு இயந்திரங்களில் அலுமினியம்.

நத்தை ஓடு போன்ற உருவத்தை இரும்புக் கட்டியிலிருந்து வெட்டி எடுப்பதென்றால் நாட்கணக்கில் வேலை. பாதி இரும்பு தூளாகிப் போகும். ஆகவேதான் வார்க்கிறார்கள். முதலில் மரத்தால் அதே உருவத்தில் ஒரு மாதிரி செய்கிறார்கள். களியும் அளவான ஈரமும் கலந்த மணலை அதைச் சுற்றி ஒரு பெட்டிக்குள் இறுக்கி இடிக்கிறார்கள். பெட்டி இரண்டு பாதியாகப் பிரியும். பிரித்து மாதிரியை எடுத்தால் மணலில் அதன் வெற்றிடம் இருக்கும். கூட்டின் உட்புறம் வெறுமையாக இருக்க வேண்டுமல்லவா? அதற்காக மணலால் தனியே ஓர் உள்ளச்சுச் செய்து அந்த வெற்றிடத்தின் நடுவில் வைக்கிறார்கள். பின்னர் பெட்டியை மூடி உருகிய இரும்பை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மணலை உடைத்தால் கூடு கையில்.

இதில் இரண்டு கணக்குகள் உண்டு. முதலாவது, உலோகம் ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று சுருங்குகிறது. 300 மில்லிமீற்றர் நீளமான பாகம் வேண்டுமென்றால் மாதிரியை 303 மில்லிமீற்றரில் செய்ய வேண்டும். அலுமினியம் இதைவிடச் சற்றுக் கூடுதலாகச் சுருங்கும். இரண்டாவது, மணலில் வார்த்த மேற்பரப்பு சொரசொரப்பாகவே இருக்கும். அளவும் சரியாக வராது. ஆகவே பெயரிங் அமரும் இடம், மூடி சேரும் முகம் போன்ற இடங்களில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் கூடுதலாக விட்டு வார்த்து, பிறகு கடைந்து எடுக்கிறார்கள். பழைய கூட்டைப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியும். வெளிப்புறம் மணல் தோல், உள்ளே கண்ணாடி போல மினுங்கும் கடைந்த பகுதி. மணல் தோலில் ஒரு கீறல் இருந்தால் பரவாயில்லை. மினுங்கும் பகுதியில் ஒரு கீறல் விழுந்தால் அது காயம்.

வார்ப்பிரும்பின் குணம்

சுத்த இரும்பு உருக 1,538 பாகை செல்சியஸ் வேண்டும். இரும்பில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு கரி சேர்ந்தால் 1,150 முதல் 1,200 பாகைக்குள்ளேயே உருகிவிடும்; நீர் போல ஓடி அச்சின் மூலை முடுக்கெல்லாம் நிரம்பும். வார்ப்பதற்கு அது ஏற்றதாக இருப்பதற்கு இதுவே காரணம். ஆனால் அந்தக் கரி, ஆறும்போது இரும்புக்குள் மெல்லிய தகடுகளாகப் பிரிந்து நிற்கிறது. உடைந்த வார்ப்பிரும்பு சாம்பல் நிறமாகத் தெரிவது அதனால்தான். அந்தத் தகடுகள் ஒவ்வொன்றும் உள்ளே இருக்கும் ஒரு சிறு வெடிப்புப் போன்றது. ஆகவே அமுக்கினால் வார்ப்பிரும்பு நன்றாகத் தாங்கும். இழுத்தாலோ அடித்தாலோ வளையாமல் உடைந்துவிடும். உருக்குத் தண்டு அடி வாங்கினால் வளையும். வார்ப்புக் கூடு அடி வாங்கினால் வெடிக்கும். சுத்தியலைத் தூக்குமுன் இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும்.

பழைய பம்பு வாங்குவோர் கூட்டில் வெடிப்பு உண்டா என்று பார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பானை வாங்கும்போது செய்வதுதான். தனியே கழற்றிய கூட்டை ஒரு கயிற்றில் தொங்கவிட்டு மெதுவாகத் தட்டுங்கள். நல்ல வார்ப்பு தெளிவாக ஒலிக்கும். வெடித்தது செத்த ஓசை தரும். மற்றது, மண்ணெண்ணெயும் வெண்கட்டியும். கூட்டை நன்றாகத் துடைத்து, சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெய் பூசி அரை மணித்தியாலம் விடுங்கள். பிறகு முற்றாகத் துடைத்துக் காயவைத்து, மேலே வெண்கட்டித் தூள் பூசுங்கள். வெடிப்புக்குள் ஊறிய மண்ணெண்ணெய் வெளியே வந்து வெள்ளையில் ஒரு கறுத்த கோடாகத் தெரியும். மேலே பெயின்ற் அடித்து விற்கப்படும் பம்பில் பெயின்றைச் சுரண்டிய பின்னரே இதைச் செய்ய வேண்டும்.

வெடித்த கூட்டைத் திருத்த முடியாதா? முடியும், ஆனால் சாதாரண வெல்டிங் குச்சியால் ஒட்டினால் ஆறும்போது பக்கத்தில் புதிதாக வெடிக்கும். வெடிப்பின் இரு முனைகளிலும் சிறு துளை இட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்த வேண்டும். பின்னர் நிக்கல் குச்சியால் சிறிது சிறிதாக ஒட்டியோ, பாகத்தைச் சூடாக்கிப் பித்தளையால் ஒட்டியோ, சாம்பலுக்குள் புதைத்து மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். ஒட்டுபவர் இவற்றைச் செய்கிறாரா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

கடைசல் அளவைத் தருகிறது

வார்ப்பில் உருவம் கிடைத்தது. அளவு லேத்தில்தான் கிடைக்கிறது. லேத்தில் பாகம் சுழலும். கூரிய வெட்டுளி அசையாமல் பிடிக்கப்பட்டு மெல்ல நகர்ந்து ஒரே சீராகச் சீவிக்கொண்டு போகும். நல்ல லேத்தும் நல்ல கையும் சேர்ந்தால் ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு வரை கட்டுப்படுத்தலாம். தலைமயிர் ஒன்றின் தடிப்பு அந்தப் பங்கைப் போல ஐந்து முதல் பத்து மடங்கு வரை இருக்கும். இவ்வளவு நுண்மையை அடிமட்டத்தால் அளக்க முடியாது, மைக்ரோமீற்றர் வேண்டும். அதன் உருளையை ஒரு முறை முழுதாகச் சுற்றினால் அரை மில்லிமீற்றர் நகரும். உருளையில் 50 கோடுகள். ஒரு கோடு என்பது 0.01 மில்லிமீற்றர்.

இவ்வளவு நுண்மை எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய வரலாறு பதில் சொல்லும். ஜேம்ஸ் வாட் தமது நீராவி இயந்திரத்துக்கு 1769ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். யோசனை சரியாக இருந்தது. ஆனால் சிலிண்டரை உண்மையான வட்டமாகக் கடைய அக்காலத்தில் எவராலும் இயலவில்லை. துணியும் அட்டையும் அடைத்துப் பார்த்தார்; நீராவி பக்கத்தால் கசிந்தது. ஆண்டுகள் கழிந்தன. அப்போது துளைக்கும் கோல் ஒரு முனையில் மட்டுமே தாங்கப்பட்டதால் வார்ப்பில் இருந்த கோணலையே அதுவும் பின்பற்றிச் சென்றது. ஜோன் வில்கின்சன் என்ற இரும்பாலைக்காரர், 1774இல் பீரங்கி துளைக்கும் முறைக்கு உரிமை பெற்றவர், மறு ஆண்டில் கோலைச் சிலிண்டரின் ஊடே செலுத்தி இரு முனைகளிலும் தாங்கவைத்தார். கோணல் நீங்கியது. 50 அங்குல விட்டமுள்ள சிலிண்டரில் ஒரு ஷில்லிங் நாணயத்தின் தடிப்பளவு கூடப் பிழை இல்லை என்று வாட்டின் பங்காளி மத்தியூ போல்டன் வியந்து எழுதினார். 1776இல் ஓடத் தொடங்கிய முதல் இயந்திரங்களில் ஒன்று செய்த வேலை என்ன தெரியுமா? நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து நீர் இறைத்தது. வாட்டின் அறிவு ஏழு ஆண்டுகள் காத்திருந்தது ஒரு நல்ல கடைசலுக்காக.

பொருத்து ஆயுளைத் தருகிறது

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். ஒரு துளைக்குள் ஒரு தண்டு போகிறது. அது எவ்வளவு இறுக்கமாகப் போக வேண்டும்? அந்த இடத்தில் என்ன வேலை நடக்கிறது என்பதைப் பொறுத்தே இதைச் சொல்ல முடியும். மண்வெட்டிப் பிடி இறுகியிருக்க வேண்டும். கிணற்றுக் கப்பி இளகிச் சுழல வேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்தால் இரண்டும் பிழைக்கும். இயந்திரத்திலும் அப்படியே. பொறியியலில் பொருத்துகளை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். 25 மில்லிமீற்றர் தண்டை வைத்து விளக்குகிறோம். மூன்றுக்கும் துளை ஒன்றேதான், அது 25.000 முதல் 25.021 வரை இருக்கலாம்.

முதலாவது இளக்கப் பொருத்து. தண்டு 24.980 முதல் 24.993 வரை. எப்போதும் ஒரு சிறு இடைவெளி இருக்கும். அதில் ஒயில் நின்று இரண்டும் உரசாமல் ஓடும்.

இரண்டாவது இடைப்பட்ட பொருத்து. தண்டு 25.002 முதல் 25.015 வரை. கையால் போகாது, மெல்லத் தட்டினால் அல்லது அழுத்தினால் போகும், தேவைப்பட்டால் கழற்றவும் முடியும்.

மூன்றாவது இறுக்கப் பொருத்து. தண்டு 25.022 முதல் 25.035 வரை. அதாவது தண்டு எப்போதும் துளையைவிடப் பெரியது. பலமாக அழுத்தி அல்லது துளையுள்ள பாகத்தைச் சூடாக்கித்தான் ஏற்றலாம். ஏறினால் அசையாது.

மூன்றாவது வகை எமக்குப் புதியதல்ல. வண்டிச் சில்லுக்கு இரும்பு வளையம் பூட்டுவதைப் பார்த்தவர்கள் எம்மில் இன்னும் இருக்கிறார்கள். வளையத்தைச் சில்லைவிடச் சற்றுச் சிறிதாகச் செய்து, நெருப்பில் போட்டுச் சிவக்க வைத்து, சில்லில் ஏற்றி, நீர் ஊற்றுவார்கள். ஒன்றரை மீற்றர் வளையம் 400 பாகை சூடேறினால் அதன் விட்டம் ஏறக்குறைய 7 மில்லிமீற்றர் விரியும். ஆறும்போது அந்த விரிவு முழுவதும் பிடியாக மாறி ஆரைக்கால்களை இறுக்கிக் கொள்ளும். ஆணி எதுவும் இல்லாமல் வளையம் பல ஆண்டுகள் நிற்கும். எமது கொல்லர்கள் கணக்கெழுதாமல் செய்த வேலையைத்தான் பெயரிங் பூட்டும்போது நாமும் செய்யப் போகிறோம்.

பெயரிங்: உள்ளே இறுக்கம், வெளியே இளக்கம்

பெயரிங்கில் இரண்டு வளையங்கள். உள்வளையம் தண்டோடு சேர்ந்து சுழல்கிறது. வெளிவளையம் கூட்டுக்குள் அசையாமல் இருக்கிறது. ஆகவே எமது பம்பில் உள்வளையம் தண்டில் இறுக்கமாகவும், வெளிவளையம் கூட்டில் கையால் தள்ளினால் போகும் அளவிலும் இருக்க வேண்டும். சுழலும் வளையம் இறுகட்டும், நிற்கும் வளையம் வழுக்கட்டும் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உதாரணமாக 6205 என்ற பெயரிங். உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீற்றர். இதற்குத் தண்டு 25.002 முதல் 25.015 வரையும், கூட்டின் துளை 52.000 முதல் 52.030 வரையும் இருந்தால் நல்லது. இலக்கத்தைப் பார்த்து உள்விட்டத்தை அறிவதும் எளிது. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள். 6204 என்றால் 20, 6206 என்றால் 30. ஆனால் 00, 01, 02, 03 ஆகிய நான்கும் இந்தக் கணக்குக்கு வெளியே. அவை முறையே 10, 12, 15, 17 மில்லிமீற்றர்.

தண்டு சிறிதாகிவிட்டால் என்ன நடக்கும்? 0.02 மில்லிமீற்றர் இளக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாரத்தோடு சுழலும்போது உள்வளையம் தண்டின் மேல் ஒட்டி நிற்காமல் உருளத் தொடங்கும். இரண்டின் சுற்றளவிலும் உள்ள வித்தியாசம் 0.06 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். ஒவ்வொரு சுற்றுக்கும் வளையம் அவ்வளவு தூரம் பின்தங்கும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் ஒரு மணித்தியாலத்தில் 180,000 சுற்று. கணக்குப்படி வளையம் தண்டின் மேல் 11 மீற்றர் அரைந்து நடந்திருக்கும். தோட்டத்துக்கு நாலு மணித்தியாலம் இறைத்தால் 44 மீற்றர். பெயரிங் உருக்கு கடினமானது. தண்டு அதைவிட மென்மையானது. தேய்வது தண்டுதான். தேயத் தேய இளக்கம் கூடும், சூடு கூடும், கிறீஸ் உருகி ஓடும், தண்டு ஆடும், சீல் கிழியும், நீர் பெயரிங்குக்குள் வரும். எமது மூன்றாவது பெயரிங் ஐந்து நாளில் போனதன் காரணம் இதுவே. ஒவ்வொரு புதுப் பெயரிங்கும் முந்தியதைவிட மோசமான தண்டில் ஏறியது.

பூட்டும் முறை

தண்டு சரியான அளவில் இருந்தாலும் பூட்டும்போது அதைக் கெடுத்துவிடலாம். நாம் செய்த முதற்பிழை, பெயரிங்கின் வெளிவளையத்தில் சுத்தியலால் அடித்து அதைத் தண்டில் ஏற்றியது. அந்த அடி குண்டுகள் வழியாகத்தான் உள்வளையத்துக்குப் போகும். குண்டுகள் ஓடும் பாதையில் சிறு பள்ளங்கள் விழும். புதுப் பெயரிங் முதல் நாளே கத்தும்.

ஆகவே தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் அழுத்த வேண்டும். உள்வளையத்தில் மட்டும் படும் அளவான ஒரு குழாய்த் துண்டை, அதன் வாயை நேராக அராவி, வைத்து அழுத்துங்கள். கூட்டுக்குள் தள்ளும்போது வெளிவளையத்தில் மட்டும் அழுத்துங்கள்.

இதைவிட நல்லது சூடாக்கி ஏற்றுவது. ஒரு தகரத்தில் சுத்தமான ஒயில் விட்டு அதற்குள் பெயரிங்கைக் கம்பியில் தொங்கவிடுங்கள். அடியில் தொடக் கூடாது. அந்தத் தகரத்தை நீர் கொதிக்கும் சட்டிக்குள் வையுங்கள். ஒயிலுக்குள் நீர் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படிச் செய்தால் சூடு 100 பாகைக்கு மேல் ஏறாது, தீப்பற்றவும் மாட்டாது. அரை மணித்தியாலத்தில் 25 மில்லிமீற்றர் உள்விட்டம் ஏறக்குறைய 0.02 விரிந்திருக்கும். துணியால் பிடித்துத் தண்டில் தள்ளினால் அனேகமாகத் தானாகவே போய் அமரும். ஆறும்வரை பிடித்திருங்கள். இருபுறமும் ரப்பர் மூடியுள்ள பெயரிங்கை ஒயிலில் போடாமல் வெறும் தகரத்தில் மூடி வைத்துச் சூடாக்குங்கள். பெயரிங்கை நெருப்பில் நேராகக் காட்டவே கூடாது. உருக்கின் பதம் போய்விடும்.

கூடு அலுமினியமாக இருந்து பெயரிங் வெளிவரவில்லை என்றால் அதையும் அடிக்காதீர்கள். அலுமினியம் உருக்கைப் போல இரு மடங்கு விரியும். கூட்டின் மேல் கொதிநீர் ஊற்றி, துணி சுற்றிச் சூட்டைப் பிடித்து வைத்தால் பெயரிங் இளகிவிடும்.

தேய்ந்த இடத்தைத் திருத்துதல்

1990இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு உதிரிப்பாகம் கிடைக்காத காலத்தில் நாம் பல கைவைத்தியங்கள் பழகினோம். தண்டில் கூரான பஞ்சால் புள்ளி புள்ளியாக அடித்து மேடாக்குவது, தகரத் துண்டு சுற்றி ஏற்றுவது என்பன அவற்றுட் சில. அன்று வேறு வழி இருக்கவில்லை. ஆனால் அவை ஏன் நிலைப்பதில்லை என்பதை அறிந்திருக்க வேண்டும். பஞ்சால் அடித்த தண்டு பெயரிங்கைப் பிடிப்பது அந்தப் புள்ளிகளின் நுனியில் மட்டுமே. சில நாளில் நுனிகள் நசுங்கிப் பழைய இளக்கம் திரும்பும். தகரம் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து தண்டைக் கோணலாக்கும். அவசரத்துக்கு ஒரு நாள் இறைக்கலாம். ஒரு போகம் இறைக்க முடியாது.

நிலையான வழிகள் நான்கு. இளக்கம் மிகச் சிறிதென்றால் பெயரிங் ஒட்டுவதற்கென்றே விற்கப்படும் பசைத் திரவம் பிடிக்கும். ஆனால் ஒயில் துளியும் இல்லாமல் துடைத்திருக்க வேண்டும். கூட்டின் துளை பெருத்திருந்தால், சுவர் போதிய தடிப்பாக இருக்கும்போது, துளையை மேலும் கடைந்து ஒரு புஷ் இறுக்கி, அதன் உள்ளே சரியான அளவுக்குக் கடையலாம். தண்டு தேய்ந்திருந்தால் வெல்டிங்கால் நிரப்பிக் கடையலாம். ஆனால் சூட்டில் தண்டு வளையும். கடையுமுன் நேராக்கிப் பார்க்க வேண்டும். தண்டுக்குப் புஷ் போடுவதற்காக அதை அதிகம் மெலிய வைப்பது நல்லதல்ல, முறிந்துபோகலாம். சிறிய பம்புத் தண்டென்றால் புதிதாகக் கடைவிப்பதே பெரும்பாலும் மலிவு. பெரியவர் எமக்குச் செய்ததும் அதுதான்.

பட்டறைக்குப் போகும்போது இவற்றைச் செய்யுங்கள்:

தண்டை மட்டும் கொண்டு போகாமல் கூடு, இம்பெலர், புதுப் பெயரிங் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். ஒன்றுக்கொன்று பொருந்துவதே வேலை.

"பெயரிங் போகிற மாதிரிக் கடைந்து தாருங்கள்" என்று சொல்லாதீர்கள். "தண்டில் இறுக்கம், கூட்டில் கைத்தள்ளு" என்று சொல்லுங்கள். இலக்கத்தை எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

மைக்ரோமீற்றரால் மூன்று இடத்தில், ஒவ்வோர் இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக அளந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு முனை பெருத்து மறுமுனை சிறுத்த தண்டும், வட்டம் கெட்ட தண்டும் இப்படித்தான் பிடிபடும். கடைந்த சூட்டோடு அளந்தால் அளவு கூடக் காட்டும். ஆறிய பிறகு அளக்க வேண்டும்.

தண்டு பெருத்துச் சிறுக்கும் மூலையைக் கூராக வெட்டாமல் சிறு வளைவு விடச் சொல்லுங்கள். தண்டுகள் முறிவது அனேகமாக அந்தக் கூர் மூலையில்தான். அதே வேளை, அந்த வளைவு பெயரிங்கின் ஓர வளைவைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பெயரிங் தோளில் முட்டி நேராக அமராது.

ஓர் எச்சரிக்கை

வார்ப்பைப் பற்றிப் படித்தவுடன் பழைய அலுமினியத்தை வீட்டில் உருக்கிப் பார்க்க இளைஞர் சிலர் விரும்புவர். அலுமினியம் 660 பாகையில் உருகும். கரி அடுப்பும் துருத்தியும் போதும் என்பது உண்மை. ஆனால் உருகிய உலோகத்துக்கு அடியில் ஒரு துளி நீர் அகப்பட்டாலும் அது கணத்தில் நீராவியாகி உலோகத்தை முகத்தில் வீசியடிக்கும். ஈர மணல், ஈரச் சீமெந்துத் தரை, கழுவிக் காயாத துண்டு எல்லாமே ஆபத்து. பழகியவரின் அருகில் நின்று படிக்காமல் இதைத் தொட வேண்டாம்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று எமது மண்ணில் உண்டு. காணி துப்புரவாக்கும்போது கிடைக்கும் உலோகத் துண்டுகளில் எது இரும்பு, எது வெடிக்காத குண்டின் பாகம் என்று எம்மால் சொல்ல முடியாது. அடையாளம் தெரியாத எந்தத் துண்டையும் எடுக்கவோ, வெட்டவோ, அடிக்கவோ, நெருப்பில் போடவோ கூடாது. இருந்த இடத்திலேயே விட்டு, பிள்ளைகள் நெருங்காமல் பார்த்துக்கொண்டு, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ கண்ணிவெடி அகற்றுவோருக்கோ அறிவியுங்கள். எந்த இரும்பின் விலையும் ஒரு பிள்ளையின் கைக்கு ஈடாகாது.

முடிவாக

பெரியவர் கடைந்து தந்த தண்டில் நான்காவது பெயரிங்கை, கொதிநீர்ச் சட்டி வைத்து, அடி ஒன்றும் படாமல் ஏற்றினோம். அந்தப் போகம் முழுவதும் அது கத்தவில்லை. மிஞ்சிய பாத்திகளை நீர் பாய்ச்சிக் காப்பாற்றினோம். மூன்று பெயரிங்குக்குக் கொடுத்த காசையும் வாடிய பாத்திகளையும் கூட்டிப் பார்த்தபோது தண்டின் கூலி மிகச் சிறிதாகத் தெரிந்தது. வாய்த்தர்க்கப்பட்ட கடைக்காரரிடம் போய் மன்னிப்பும் கேட்டோம்.

மண்ணெண்ணெய் இயந்திரமானாலும் மின் மோட்டாரானாலும் உழவு இயந்திரமானாலும் கணக்கு ஒன்றுதான். ஒரு பாகம் திரும்பத் திரும்பப் பழுதானால், மாற்றிய பாகத்தை மட்டும் பார்க்காமல் அது குந்தியிருக்கும் இடத்தையும் பாருங்கள். எது இறுகியிருக்க வேண்டும், எது இளகியிருக்க வேண்டும் என்று கேளுங்கள். சுத்தியலை எடுக்குமுன் அளவுகோலை எடுங்கள்.